விலக்குப் பிடிக்கிற அக்கா

சத்தம் கேட்டால் முதலில் திறப்பது அக்காவின் கதவுதான். ஜெர்மனியில், ஹம் நகரத்தில் ரயில்பாதைக்குப் பின்னால் இருந்த நாலுமாடிக் கட்டடம் அது. அவர் முதலாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் ஒரு ஜெர்மன் தம்பதி. அங்கே புருசன் குரலை உயர்த்திய மறுகணம் அக்காவின் செருப்புச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டி மேலே போகும். மணியை அடிப்பார். கதவு திறந்ததும் கையிலிருக்கும் கோப்பையை நீட்டி, கொஞ்சம் உப்புத் தர முடியுமா என்று ஜெர்மனில் கேட்பார். சண்டை பிடிக்கிற மனிதன் உப்பைத் தேடிக் குசினிக்குள் போய் வருவதற்குள் கோபத்தில் பாதி வடிந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. இப்படி வாங்கி வந்த உப்பு அவருடைய குசினியில் ஒரு பெரிய போத்தல் நிறைய இருந்தது. கறிக்குப் போட மாட்டார்.

"அது சண்டை உப்பு தம்பி. பனி விழேக்க படியில கொட்டுவம்" என்பார்.

நான் நாள்தோறும் கொப்பியில் நாலு வரி எழுதி வைக்கிற ஆள். முதல் பனி, ஹீட்டர் போட்ட நாள், யாருக்கு எப்போது டேர்மின் என்கிற சந்திப்பு நேரம், நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எப்போது திருப்ப வேண்டும். பெரிய விசயம் எதுவும் இல்லை. இப்போது பழைய கொப்பிகளைப் புரட்டினால், அக்கா வருகிற இடமெல்லாம் அவர் யாருக்கோ நடுவில் நிற்கிறார். உடுப்புத் தோய்க்கும் அறையில் இரண்டு பெண்களுக்கு நடுவில். ஒரு கலியாண மண்டபத்தில், யார் முதலில் மாலை போடுவது என்று முறுகிக்கொண்ட இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு நடுவில். டோர்ட்முண்டுக்குப் போகிற ரயிலில், தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான இரண்டு குடிகாரர்களுக்கு நடுவில், தான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்புச் சேவையின் நீலச் சட்டையோடு.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவும் இல்லை. ஒரு முறை கடை வாசலில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு அடித்துவிட்டாள். அக்கா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். பிள்ளையைப் பறிக்கிறாள் என்று அந்தத் தாய் கத்த, பொலிஸ் வந்தது. கடைசியில் அந்தப் பெண்தான் அழுதுகொண்டு போனாள். மூன்று நாட்களாக அவளுக்கு நித்திரையில்லையாம். அன்று பின்னேரம் அக்கா எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி சொன்னது இவ்வளவுதான்: "அடி விழுகிற நேரத்தில ஆரின்ர பக்கம் ஞாயம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கேலாது."

அவரிடம் இரண்டு ஃபெரெட்டுகள் வந்தது வேலையால்தான். கீரிப்பிள்ளையைக் கொஞ்சம் நீட்டி, மெத்தென்ற மயிரைப் போர்த்திவிட்டது போல இருக்கும் பிராணி. ஜெர்மன்காரர்கள் ஃப்ரெட்சன் என்று வீட்டில் வளர்ப்பார்கள். காலையும் மாலையும் அக்கா போய்க் குளிக்க வார்த்து மருந்து கொடுக்கிற ஒரு பெரியவரிடம் ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி இருந்தது. அவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தபோது, அங்கே பிராணிகளுக்கு இடமில்லை. மகள் விலங்குக் காப்பகத்துக்குக் கொடுப்பதாக இருந்தாள். இரண்டையும் பிரித்துத்தான் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. அவ்வளவுதான். அடுத்த நாள் கூட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஆணுக்குத் தடியன் என்று பெயர் வைத்தார். பெட்டை, சின்னவள். பெரியவர் வைத்த ஜெர்மன் பெயர்கள் அவருடைய வாயில் நுழையவில்லை.

பெரியவர் புறப்படும்போது ஒரு விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். வசந்தம் வந்து பகல் நீண்டால் பெட்டைக்குப் பருவம் வரும். நாய், பூனை மாதிரி அது தானாக அடங்காது. ஆண் சேர்ந்தால்தான் அடங்கும். இந்த ஆணுக்கு விந்துக்குழாய் வெட்டியிருக்கிறது, குட்டி வராது. ஒரு நாள் முழுக்க ஒரே கூட்டில் விட்டுவிடுங்கள். கொஞ்சம் சத்தமாக இருக்கும், பயப்பட வேண்டாம். எட்டு வருடங்களாக, இவற்றுக்கு முன்பிருந்த சோடிகளுக்கும் அவர் அப்படித்தான் செய்தாராம். அக்கா இதை எனக்கு வரிவரியாகச் சொல்லியிருக்கிறார், எதையும் மறக்கவில்லை. எவ்வளவு சத்தம் என்று கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. கேட்கலாம் என்று நினைத்தபோது பெரியவர் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே இறந்துவிட்டார்.

மார்ச் மாதக் கடைசியில், கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற ஞாயிறுக்கு முதல் வெள்ளிக்கிழமை, சின்னவளின் பின்பக்கம் வீங்கியிருப்பதை அக்கா கண்டார். இதையெல்லாம் என்னிடம் சொல்லக் கூச்சம். என் மனைவியிடம் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். "அக்கான்ர பிள்ளை பெரிசாகிட்டுதாம். நல்லெண்ணெயும் முட்டையும் குடுக்கிறா. சடங்குத் தண்ணி வார்வைக்கு எங்களையும் கூப்பிடுவா போல."

நானும் சிரித்தேன். அந்த வெள்ளிக்கிழமையை முதலாம் நாள் என்று கொப்பியில் போட்டேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் கீழ்வீட்டிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. கைக்குழந்தையின் விரல் கதவில் நசிந்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். நிற்காமல் வந்தது. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. சரி, இரண்டையும் சேர்த்து விட்டிருக்கிறார், நடக்கவேண்டியது நடக்கிறது என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அது அடங்கிய விதம் சரியில்லை என்று பட்டதால் இறங்கிப் போனேன்.

அக்காவின் விரலில் இரத்தம். தடியனைக் குளியலறைக்குள் விட்டுப் பூட்டியிருந்தார். அது கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. சின்னவளைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். அதன் பிடரி மயிர் ஆணின் எச்சிலில் நனைந்து, தோலில் பல் பதிந்திருந்தது.

"கழுத்தில கவ்விப் பிடிச்சு அறை முழுக்க இழுத்துக்கொண்டு திரிஞ்சவன். அவள் காலை ஊண்டிப் பாக்கிறாள், விடுறானில்லை."

பிடரியைக் கவ்வுவது அவற்றின் வழக்கம், அது அப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தினது உங்களுக்குக் கேட்டதோ?"

"ஓம் அக்கா, கேட்டது."

"கேட்டிட்டு மேல இருந்தனீங்கள், என்ன?"



அந்தக் கிழமை நூலகத்திலும் இணையத்திலும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பருவம் அடங்காமல் நீடித்தால் அந்த ஹோர்மோன் சுரப்பு பெட்டையின் எலும்பு மச்சையைக் கெடுத்துவிடும். இரத்தம் ஊறுவது நிற்கும். ஒரு மாதத்தைத் தாண்டினால் ஆபத்து, அதற்குப் பிறகு சாவுதான். வேறு வழிகளும் இருந்தன. ஊசி ஒன்று உண்டு. தோலுக்கடியில் வைக்கிற அரிசி அளவான ஹோர்மோன் சிப் ஒன்று உண்டு. அது ஒன்றிரண்டு வருடங்களுக்குப் பருவம் வராமல் வைத்திருக்கும். கத்தலும் இல்லை, கடியும் இல்லை. இதைச் சொன்னதும் அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப அதைச் செய்வம். ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?"

பக்கத்தில் இருந்த மிருக வைத்தியர் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார். ஃபெரெட் பார்க்கிற இடம் ஒன்று அடுத்த பட்டணத்தில் இருந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னைய வியாழன், பதினாலாம் நாள், நான்தான் தொலைபேசி எடுத்தேன். டேர்மினுக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். அவசரமா என்று கேட்டாள். நான் கொப்பியைப் பார்த்தேன். ஒரு மாதம் என்றுதான் படித்திருந்தேன். பதினாலு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் இல்லை என்றேன். மே மாதத்து முதல் செவ்வாயைத் தந்தாள். நாற்பதாம் நாள்.

அந்த "இன்னும் இல்லை"யை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று நான் எழுதி வைக்கவில்லை.

டேர்மின் கிடைத்துவிட்டால் அதை ஒரு நாள் முன்னுக்கு இழுக்கலாம் என்பது எங்கள் ஆட்களுக்குத் தோன்றாது. வெளிநாட்டவர் அலுவலக வாசலில் விடியவிடிய நின்று பழகியவர்கள் நாங்கள். கடிதத்தில் போட்டிருக்கிற நாள்தான் நாள். அக்காவும் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, வேலையில் அன்றைக்கு லீவும் எடுத்துவிட்டார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. பகல் நீள்வதால்தான் பருவம் வருகிறது என்று நான் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, பின்னேரம் நாலு மணிக்கே ஜன்னல்களின் ரோலோ என்கிற சுருள் தட்டியை இறக்கிவிடுவார். வெளியே செரி மரங்கள் பூத்துக்கிடக்கும், பிள்ளைகள் சைக்கிள் ஓடுவார்கள். அக்காவின் வீடு மட்டும் இருட்டு. லைட்டும் போட மாட்டார். ஒரு சின்ன மேசைவிளக்கைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு சோறு சாப்பிடுவார்.

"எங்கட வீட்டில இன்னும் மார்கழி முடியேல்லை தம்பி. செருப்பைக் கழட்டிப்போட்டு மெதுவா வாங்கோ, மேசையில இடிபடாதேங்கோ."

இனி இருட்டினாலும் உடனே அடங்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

அந்த இருட்டில் வைத்துத்தான் ஒரு நாள் பழைய கதை ஒன்றைச் சொன்னார். கதை என்று சொல்ல முடியாது, நாலைந்து வசனம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அவரையும் கூட வந்தவர்களையும் அகதிகள் விடுதியில் வைத்திருந்தார்கள். அறைக்கு அறை பலகைத் தடுப்பு. அடுத்த அறையில் ஒரு புருசன், பெண்சாதி. எந்த நாடென்றும் தெரியாது. ஒரு நாள் அந்தப் பெண் கத்தினாள். அக்கா எழும்பிக் கதவின் கொளுக்கியில் கை வைத்தார். அது புருசன் பெண்சாதி விசயம், நாங்கள் போகக்கூடாது, விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று அறையில் இருந்த மற்றவர்கள் சொன்னார்கள். அவர் கையை எடுத்தார்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு அம்புலன்ஸ் வந்தது. அந்த அறைக்கு வேற சனம் வந்திச்சினம்."

துவாய்க்குள் இருந்த சின்னவளைத் தடவியபடியே இருந்தார். குளியலறையில் தடியன் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

முப்பத்துமூன்றாம் நாள் சின்னவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டது. வாலடியில் மயிர் உதிர்ந்திருந்தது. நான் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பது தாண்டிவிட்டது அக்கா என்றேன். அவர் கொப்பியை மூடி என்னிடம் தந்தார். பிறகு எழும்பிப்போய்ச் சின்னவளைக் குளியலறைக்குள் தடியனோடு விட்டுக் கதவைச் சாத்தினார்.

"கைப்பிடியை நீங்கள் பிடியுங்கோ. நான் திறக்கச் சொன்னாலும் திறக்கக் கூடாது."

நான் பிடித்தேன். அவர் கூடத்துத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உள்ளே சத்தம் தொடங்கியது. போன முறையைவிடக் குறைவுதான். சின்னவளுக்குப் பலம் இருக்கவில்லை. ஏதோ விழுந்து உருண்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காதைப் பொத்தியிருந்த கைகள் தாமாக இறங்கின. அழவில்லை. முழங்காலில் எழும்பி, கதவைப் பார்த்தபடி இருந்தார். நாலாவது நிமிடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, அவள் என்னைத்தான் கூப்பிடுறாள்."

கை என்னை அறியாமல் விலகிவிட்டது. அவர் உள்ளே போய்ப் பிரித்தெடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஏழு நாட்களும் நாங்கள் நாற்பதாம் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முட்டை மஞ்சட்கருவைக் கரண்டி நுனியில் கொடுத்தார். ரோலோவை மூன்று மணிக்கே இறக்கினார். முப்பத்தெட்டாம் நாள் நான் அந்த இடத்துக்குத் திரும்பவும் தொலைபேசி எடுத்தேன். இந்த முறை அவசரம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. பதிவு செய்த குரல்தான் பேசியது. திங்கட்கிழமை மே முதலாம் திகதி, விடுமுறை.

செவ்வாய்க்கிழமை மிருக வைத்தியர் சின்னவளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல் முரசு வெள்ளைக் கடதாசி போல இருந்தது. எத்தனை நாளாக வீக்கம் இருக்கிறது என்று கேட்டார். நான் கொப்பியைத் திறந்து காட்டினேன். வைத்தியர் ஒவ்வொரு நாளாக விரலை ஓடவிட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள்" என்றார்.

பருவத்தை அடக்க ஊசி போட்டார். அது வேலை செய்யச் சில நாட்கள் எடுக்கும், அதுவரை தாக்குப்பிடிக்க இரத்தம் வேண்டும் என்றார். ஃபெரெட்டுகளுக்கு இரத்த வகை பார்க்கத் தேவையில்லையாம். ஒன்றின் இரத்தத்தை இன்னொன்றுக்கு ஏற்றலாம். பெரிய, திடமான ஆண் ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

அக்காவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளங்கிவிட்டது. அவர் அங்கேயே இருக்க, நான் ரயிலில் திரும்பி வந்து குளியலறையில் இருந்த தடியனைக் கூடையில் போட்டுக்கொண்டு போனேன்.

மயக்கம் கொடுக்கும்வரை அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்காதான் பிடித்தார். ஐந்து கிழமையாக அதை அவர் மடியில் எடுத்ததில்லை. சாப்பாட்டைக் கதவு நீக்கலால் தள்ளிவிடுவதோடு சரி. அது அவருடைய சட்டைக் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. கழுத்து நரம்பில் ஊசி இறங்கும்போது, "அவனுக்கு நோகுமோ எண்டு கேளுங்கோ" என்றார். கேட்டேன். நோகாது என்றார் வைத்தியர். பிறகு இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். ஒன்றிலிருந்து எடுத்த இரத்தம் மற்றதற்குள் மெல்ல மெல்லப் போனது. யாரும் யாரையும் கடிக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டும் ஒரே கூட்டில்தான் இருந்தன. வீக்கம் வற்றியது. தடியன் சின்னவளின் மேல் தலையை வைத்துப் படுக்கும். அக்கா ரோலோவை முழுக்கத் திறந்துவிட்டார். எட்டு நாட்கள் சின்னவள் நடந்தது. ஒரு முறை என் காலுறையைக் கவ்விக்கொண்டுகூட ஓடியது. ஆனால் மச்சை எழும்பவில்லை. கொடுத்த இரத்தம் தீரத் தீர அது பின்னங்காலை இழுக்கத் தொடங்கியது. இயேசு விண்ணேற்ற வியாழன், இங்கே அதுதான் தந்தையர் தினம், ஆண்கள் தள்ளுவண்டியில் பியர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பாடியபடி தெருவால் போனார்கள். எல்லா இடமும் பூட்டு. ஐம்பத்தாறாம் நாள். மத்தியானம் சின்னவள் அக்காவின் துவாய்க்குள் செத்துப்போனது.

எங்கள் காய்கறித் தோட்டத் துண்டில் வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் புதைத்தோம். மண்ணைத் தட்டிவிட்டு எழும்பும்போது அக்கா சொன்னார், கோபமே இல்லாமல்: "அண்டைக்கு நீங்கள் கைப்பிடியை விட்டிருக்கக் கூடாது தம்பி." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "நானும் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

நான் தொலைபேசியில் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவசரமா என்று கேட்டார்கள், இல்லை என்றேன் என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

தடியன் கொஞ்சக் காலம் வீடு முழுக்கத் தேடியது. அக்காவின் வீட்டு இடுக்கு, மூலையெல்லாம் மூக்கை வைத்துவிட்டுக் கடைசியில் அந்தத் துவாயில் போய்ப் படுக்கும். அடுத்த வருடம் அவர் தங்கச்சியோடு இருக்க கெல்சென்கிர்ச்சனுக்குப் போனார், தடியனையும் கூட்டிக்கொண்டு. போவதற்கு முன் நடந்த இன்னொன்றை எழுதினால்தான் இது முடியும்.

சின்னவள் செத்த அதே வருடம், அக்டோபரில் நேரம் திரும்பவும் மாறிய ஞாயிறு. பின்னேரம். நான் வீட்டு மணிக்கூடுகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் அந்த ஜெர்மன் புருசனின் குரல் எழும்பியது. வழக்கம் போலச் செருப்புச் சத்தத்தை எதிர்பார்த்தேன். வரவில்லை. இரண்டாவது தரம் கத்தினான். மூன்றாவது தரம். ஏதோ கனமான பொருள் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கீழே கதவு திறந்தது. செருப்பு மெதுவாகப் படியேறி, எங்கள் வாசலில் நின்றது.

மணி அடித்தது. அக்கா கோப்பையோடு நின்றார்.

"கேட்டதோ தம்பி?"

"ஓம்."

"இது விலக்குற சண்டையோ, விட வேண்டின சண்டையோ? நீங்கள் படிக்கிற ஆள், சொல்லுங்கோ."

செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு ஏறினேன். நாங்கள் மேலே போய்ச் சேரும்போது உள்ளே சத்தமே இல்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று திறந்து, மூடிய சத்தம் மட்டும் கேட்டது. அக்காவின் விரல் மணிக்குக் கிட்டப் போய்த் திரும்பி வந்தது. இரண்டு முறை. பிறகு கோப்பையை என் கையில் வைத்தார்.

"நீங்கள் கேளுங்கோ. எனக்கு ஏலாமக் கிடக்கு."

மணியை அடித்தேன். யாரும் வரவில்லை. அக்கா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. கோப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு முறை அடித்தேன்.